40 வருஷ இடைவெளியில் இரண்டு 'இல்லை, சார்'

வணக்கம் சார். அமெரிக்க உளவுத்துறைகளின் தலைவராக இருந்த ஜேம்ஸ் கிளாப்பர், செனட் (அமெரிக்க நாடாளுமன்ற மேலவை) குழுவிடம் பொய் சொன்னதற்காக அவர்மீது வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படிப்பட்ட பதவியில் இருப்பவர் கேமரா முன்னால் ரகசியத்தைப் போட்டு உடைக்க முடியுமா? அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

- ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

'மூடிய அறையில் சொல்கிறேன்' என்று சொல்லியிருப்பேன். அந்தக் குழு முன்னால் அதிகாரிகள் வழக்கமாகச் சொல்கிற பதில்தான் அது. அப்படிச் சொன்னால் கேட்பவர்களுக்குச் சந்தேகம் வரும், சரி, வரட்டும். சந்தேகத்தோடு விடுவதும் பொய்யை நம்பவைத்து அனுப்புவதும் ஒன்றாகிவிடாது.

அந்தக் குழுவின் விசாரணை வீடியோவை ஒருமுறை பாருங்கள். 2013 மார்ச் 12. பல லட்சம் அல்லது பல கோடி அமெரிக்கர்களைப் பற்றி எந்த வகைத் தகவலையாவது தேசியப் பாதுகாப்பு உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. சேகரிக்கிறதா என்று செனட்டர் ரான் வைடன் கேட்கிறார். கிளாப்பர் தலையைக் குனிந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டே 'இல்லை, சார்' என்கிறார். சேகரிக்கவில்லையா என்று வைடன் திரும்பக் கேட்டதும், 'தெரிந்து சேகரிக்கவில்லை' என்கிறார். இந்தக் கேள்வியை வைடன் முந்தின நாளே அனுப்பியிருந்தார், பதிலைத் திருத்திக்கொள்ளப் பிறகும் வாய்ப்புக் கொடுத்தார். வைடனுக்கு உண்மை தெரியும், ஆனால் ரகசியச் சட்டம் அவர் வாயைக் கட்டியிருந்தது. ஏமாந்தது டிவியில் பார்த்துக்கொண்டிருந்த ஜனங்கள்தான்.

ஜூன் 5-ஆம் தேதி, என்.எஸ்.ஏ.வின் ரகசிய ஆவணங்களை வெளியே கொண்டுவந்த எட்வர்ட் ஸ்னோடென் கொடுத்த, வெரிசோன் தொலைபேசி நிறுவனத்துக்கான ரகசிய நீதிமன்ற உத்தரவு வெளியானது: தினமும் எல்லா வாடிக்கையாளர்களின் அழைப்புப் பதிவுகளும் என்.எஸ்.ஏ.வுக்குப் போக வேண்டும். அதன்பிறகு கிளாப்பர் முதலில், இருப்பதிலேயே பொய் குறைந்த பதிலைத்தான் சொன்னேன் என்றார். அப்புறம், அப்போது வேறொரு திட்டம்தான் மனதில் இருந்தது என்றார். பொய் குறைந்த பதிலைத் தேடி எடுத்தவருக்கு விஷயமே நினைவில் இல்லாமல் போனது எப்படி? இந்த இரண்டும் எனக்கு ஒட்டவே இல்லை.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் தெரிந்தே பொய் சொன்னால் 5 வருஷம் வரை சிறை, அதற்குச் சத்தியப் பிரமாணம் எடுத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் வழக்குப் போட வேண்டியது நீதித்துறை அமைச்சகம், அதுவும் அதே அதிபருக்குக் கீழே. பேஸ்பால் ஆட்டக்காரர்களான மிகேல் தெஹாதா, ரோஜர் கிளெமன்ஸ் மீதெல்லாம் ஊக்கமருந்து விவகாரத்தில் காங்கிரஸிடம் உண்மை சொல்லவில்லை என்று வழக்குப் போட அதே அமைச்சகத்துக்கு முடிந்தது. (கிளெமன்ஸ் பின்னால் விடுதலையானார்.) கிளாப்பரோ 2017 ஜனவரியில் ஒபாமா ஆட்சி முடியும்வரை பதவியில் இருந்தார், 2018 மார்ச்சோடு வழக்குத் தொடர இருந்த 5 வருஷக் கெடுவும் தீர்ந்துபோனது.

1973-இல் சி.ஐ.ஏ. முன்னாள் தலைவர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸிடம், சிலி நாட்டு அரசைக் கவிழ்க்க முயன்றீர்களா என்று செனட் குழு கேட்டது. அவர் சொன்னதும் இதே 'இல்லை, சார்'. 1977-இல் அவருக்குக் கிடைத்தது 2,000 டாலர் அபராதமும், நிறுத்திவைத்த சிறைத் தண்டனையும். பழைய சகாக்கள் எழுந்து நின்று கைதட்டி, அந்தப் பணத்தையும் வசூல் பண்ணிக் கொடுத்தார்கள். இது எனக்கு ஆறவே இல்லை. பின்னால் வருகிற அதிகாரி இதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வார், சொல்லுங்கள்.

தன் பதில் தெளிவாகவே தவறு என்று கிளாப்பர் செனட் குழுத் தலைவருக்கு எழுதிய கடிதத்தின் தேதி ஜூன் 21. ஸ்னோடென் வாய் திறப்பதற்கு முன்னால், மார்ச் மாதத்திலேயே அந்தக் கடிதம் போயிருந்தால், அவர்மேல் வழக்குப் போடச் சொல்லி நான் எழுதியிருக்க மாட்டேன்.

அன்புடன்.