மாட்எக்ஸ் பட்டியலில் பக்கங்கள் வராவிட்டால்

கேள்வி: இணையதளம் நடத்த உதவும் மாட்எக்ஸ் மென்பொருளில் ஒரு கோப்புறையில் 12 பக்கங்கள் இருக்கின்றன. பக்கங்களைப் பட்டியலிடும் கெட்ரிசோர்சஸ் ஸ்னிப்பெட் (பக்கத்தில் பெயர் சொல்லி அழைக்கும் சிறு நிரல்) போட்டால் 5 மட்டுமே வருகிறது. மற்றவை அழிந்துவிட்டனவா?

பதில்: ஒன்றும் அழியவில்லை, பதறாதீர்கள். லிமிட் (எத்தனை பக்கங்கள் வேண்டும் என்ற எண்) குறிப்பிடாவிட்டால் அது தானாகவே 5 என்று எடுத்துக்கொள்ளும். 0 கொடுங்கள், எல்லாம் வந்துவிடும்.

கேள்வி: லிமிட் 0 கொடுத்தாயிற்று. வெளியிட்ட பக்கங்களிலேயே இரண்டு வரவில்லை.

பதில்: அந்த இரண்டையும் திறந்து, மெனுவில் மறைக்கும் பெட்டியில் டிக் இருக்கிறதா பாருங்கள். மெனுவுக்கு மட்டும்தானே என்று நினைப்போம். கெட்ரிசோர்சஸும் அவற்றை விட்டுவிடும். மறைத்தவற்றையும் காட்டச் சொல்லும் ஷோஹிடன் அமைப்புக்கு 1 கொடுத்தால் போதும். இதே வேலையைச் செய்யும் பிடிஓரிசோர்சஸ் என்ற இன்னொரு ஸ்னிப்பெட் மறைத்தவற்றையும் காட்டும் என்பதால், அதிலிருந்து மாறி வருபவர்கள் இதில் அடிக்கடி தடுமாறுகிறார்கள்.

கேள்வி: லிமிட் 6. எனக்கு 6 தெரிகிறது, பார்வையாளர்களுக்கு 4 தான். கோப்புறையில் 20 பக்கங்கள் இருக்கின்றனவே?

பதில்: நல்ல கேள்வி, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் பக்கங்களில் சில ரிசோர்ஸ் குரூப்பில் (அனுமதி பெற்றவர் மட்டும் பார்க்கும் பக்கத் தொகுப்பில்) இருக்கும், அதைப் பார்க்கும் அனுமதி உங்களுக்கு உண்டு, பார்வையாளருக்கு இல்லை. தரவுத்தளம் முதலில் 6 பக்கங்களை எண்ணி எடுத்துவிடுகிறது. அனுமதிச் சோதனை அதற்குப் பிறகுதான். அங்கே இரண்டு கழிந்தால், அந்த இடத்தை நிரப்ப ஏழாவதும் எட்டாவதும் வராது. பொதுப் பக்கங்களைத் தனிக் கோப்புறைக்கு மாற்றி, பேரண்ட்ஸில் (எந்தக் கோப்புறையிலிருந்து எடுப்பது என்று சொல்லும் அமைப்பில்) அதன் எண்ணைக் கொடுப்பதுதான் நான் செய்வது. இன்னொன்று முக்கியம்: ஸ்னிப்பெட் பெயருக்கு முன் ஆச்சரியக்குறி (!) போடுங்கள். போடாவிட்டால் முதலில் வந்தவருக்கு உருவான பட்டியல் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) தங்கி, அடுத்து வருபவருக்கும் அதுவே போகும். உறுப்பினருக்கு மட்டுமான தலைப்பு வெளியே கசிய அது போதும்.

கேள்வி: முன்னுரிமை என்ற டெம்ப்ளேட் வேரியபிளை (பக்கத்துக்கு நாமே சேர்க்கும் கூடுதல் புலத்தை) வைத்து இறங்குவரிசையில் 3 பக்கங்கள் கேட்டேன். 9, 8, 7 வருகின்றன. 12 வரவே இல்லை.

பதில்: அந்த மதிப்புகளை அது எழுத்தாகப் படிக்கிறது. எழுத்தாகப் பார்த்தால் முதலில் நிற்கும் 1, 9-ஐவிடச் சிறியது. அதனால் 12 கடைசிக்குப் போய்விட்டது. வரிசைப்படுத்தும் மதிப்பின் வகையைச் சொல்லும் சார்ட்பைடிவிடைப்பில் இன்டிஜர் (முழு எண்) என்று கொடுங்கள்.

கேள்வி: எனக்கு ஒரு பக்கம்கூட வரவில்லை. வேறிடத்திலிருந்து நகலெடுத்த வரிதான்.

பதில்: மதிப்புகளைச் சுற்றி என்ன குறி இருக்கிறது? மாட்எக்ஸுக்கு வேண்டியது விசைப்பலகையில் எண் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் பின்சாய்வு மேற்கோள் (`). நகலெடுக்கும்போது அது வளைந்த மேற்கோளாக மாறிவிடும். கையால் திருத்துங்கள். பிறகும் வெறுமையாக இருந்தால் டிபிஎல்லை (ஒவ்வொரு பக்கத்தையும் எந்தச் சங்க்கைக் கொண்டு காட்டுவது என்று சொல்லும் அமைப்பை) எடுத்துவிட்டுப் பாருங்கள்: ஸ்னிப்பெட் ஒவ்வொரு பக்கத்தின் புலங்களையும் அப்படியே கொட்டும். கொட்டினால் கோளாறு உங்கள் சங்க்கில், அதாவது அந்த வார்ப்புருத் துண்டில். கொட்டாவிட்டால் பேரண்ட்ஸ் எண்ணைச் சரிபாருங்கள்.