விபத்துக்குப் பிந்தைய முதல் மாதம்: கேள்வி பதில்

பைக்கில் லாரி மோதி 9 நாள் ஆகிறது. கண்ணை மூடினால் அந்த ஹெட்லைட்தான். எனக்கு பி.டி.எஸ்.டி.யா?

தம்பி, பி.டி.எஸ்.டி. என்பது பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாறு. அறிகுறிகள் ஒரு மாதம் தாண்டி நீடித்தால்தான் அந்தப் பெயர். 1992-இல் அமெரிக்காவில் ராத்பாம் குழுவினர் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். இரண்டு வாரத்துக்குள் 94 சதவீதம் பேரிடம் அறிகுறிகள் இருந்தன. மூன்று மாதத்தில் அது 47 சதவீதம். பலருக்குத் தானாகவே தணிகிறது, சிலருக்கு அப்படியே தங்கிவிடுகிறது. போன வாரத்தைவிட இந்த வாரம் ஹெட்லைட் குறைவாக வருகிறதா, அந்த ரோட்டுப் பக்கமே போகாமல் சுற்றிப் போகிறீர்களா, இந்த இரண்டையும் கவனியுங்கள்.

அம்மாவின் கண்ணெதிரே விபத்து. அவருக்குத் தூக்கமே இல்லை. மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கலாமா?

வேண்டாம். அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் அந்த அறிகுறிகளுக்கு டயஸிபாம் வகைத் தூக்க மாத்திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இலேயே சொல்லிவிட்டது. டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அப்பா போனதிலிருந்து அண்ணன் அழவே இல்லை. கல் மாதிரி இருக்கிறான்.

மரத்துப்போவதைப் பெரிய அபாயக் குறியாக எண்ணி, அதிர்ச்சிக்குப் பின் முதல் மாதத்தில் வரும் கோளாறுக்கு அதைக் கட்டாய அறிகுறியாக 1994-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தினர் வைத்தார்கள். ஆனால் பின்னாளில் பி.டி.எஸ்.டி. வந்தவர்களில் பலர் ஆரம்பத்தில் மரத்துப்போகவே இல்லை. 2013-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அழ வைக்க முயலாதீர்கள், பக்கத்தில் இருங்கள்.

சுனாமி முகாமில் வட்டமாக உட்கார வைத்து எல்லாரையும் பேச வைத்தோம். உள்ளே பூட்டி வைத்தால்தானே நோய்?

ஐயா, உங்கள் உழைப்பை மதிக்கிறேன். நானும் 2005 ஜனவரியில் நாகப்பட்டினத்தில் இருந்தேன். ஒரு அக்கா, மடியில் அலுமினியத் தட்டு, சோறு ஆறிக் கிடக்கிறது. பிள்ளை கை நழுவியது எப்படி என்று அன்று மட்டும் நோட்டுப் புத்தகத்தோடு நான்கு குழுக்கள் கேட்டுவிட்டுப் போயின. நான் ஐந்தாவது. கேட்கவில்லை, தண்ணீர் கொடுத்தேன். 1997-இல் பிரிட்டனில் தீக்காயம் பட்டவர்களிடம் நடந்த ஆய்வில், பேச வைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு 13-ஆம் மாதத்தில் பி.டி.எஸ்.டி. இருந்தது, பேச வைக்கப்படாதவர்களில் 9 சதவீதம். முதல் குழுவின் காயங்கள் கொஞ்சம் கடுமை என்பதும் உண்மை. ஆனால் அதன்பின் வந்த ஆய்வுகளும் பலன் காட்டவில்லை.

பேசினால் பாரம் குறையும் என்று பாட்டியே சொல்வாரே?

பாட்டி வாயைக் கிளறமாட்டார். தானாகப் பேசினால் கேட்பார். நானும் அதைத்தான் சொல்கிறேன்.

விபத்து நடந்து 11 நாள். பி.டி.எஸ்.டி.யா?

முதல் பதில்.

தூக்க மாத்திரை பாதி போடலாமா?

பாதியும் வேண்டாம். மறுபடியும் கேட்கிறார்கள், தயவுசெய்து மேலே படியுங்கள்.

7 மாதம் நன்றாக இருந்தேன், இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது.

தாமதமாக வருவதுண்டு. ஆறு மாதத்துக்குப் பிறகு முழுமையாக வெளிப்பட்டால் பி.டி.எஸ்.டி.யில் அதற்கென்றே தனி வகை இருக்கிறது. பெரும்பாலும் சின்ன அறிகுறிகள் முன்பே இருந்திருக்கும். காத்திருக்க வேண்டாம், அந்த நினைவை நேரடியாகக் கையாளும் உளவியல் சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது.

இன்சூரன்ஸ் கிளெய்ம்?

வக்கீலைக் கேளுங்கள்.

சாகலாம் போல இருக்கிறது.

இதைப் படித்த உடனே 14416-ஐ அழையுங்கள், டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் ஒருவரை எழுப்பிப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அழைத்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.