கிளாஸ்கோ மாநாட்டுக்கு முன் எம்.பி.க்கள் என்ன கேட்டார்கள்? – கேள்வி பதில்

2021 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஐ.நா. காலநிலை மாநாடு, அதாவது காப்26 நடந்தது. நடத்தியது பிரிட்டன் அரசு, துணைக்கு இத்தாலி. நான் இந்த ஊர்க்காரி ஆகிப் பல வருடங்கள் ஆகின்றன. நாடாளுமன்றக் குழு விசாரணைகளை நேரலையில் விடாமல் பார்ப்பவள். மாநாட்டு நாட்களில் தன்னார்வலராக வழிகாட்டி நின்றவளும்கூட. அரசின் ஏற்பாடுகளை எம்.பி.க்கள் எப்படித் துருவினார்கள் என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கவிதா, சேலம்: அக்கா, மாநாடு நடத்துவது அரசாங்கத்தின் வேலை. இதில் எம்.பி.க்கள் கேட்க என்ன இருக்கிறது?

பந்தல் போட்டு, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பும் வேலை என்றால் கேட்க அதிகம் இல்லைதான் கவிதா. ஆனால் தலைமை ஏற்கும் நாடு கிட்டத்தட்ட 200 நாடுகளை ஒரே உடன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அதிலும் இது 2015 பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்துக்குப் பிறகு நாடுகள் தங்கள் புகை குறைப்பு உறுதிமொழிகளைக் கூட்டிக்கொண்டு வரவேண்டிய முதல் பெரிய தவணை.

அப்படிப்பட்ட வேலைக்கு ஆரம்பமே தடுமாற்றம். மாநாட்டுத் தலைவராக இருந்த கிளேர் ஓ'நீலை 2020 ஜனவரி 31 அன்று அரசு நீக்கியது. மாநாடு அந்த நவம்பரில் நடப்பதாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து அலோக் சர்மாவை நியமித்தார்கள். ஆக்ராவில் பிறந்தவர். அதே நேரத்தில் வணிகத் துறை அமைச்சரும் அவர்தான். அடுத்து கொரோனா. மாநாடு ஒரு வருடம் தள்ளிப்போனது. கடை சாத்தியவர்களுக்கான கடன், மானியம், தடுப்பூசி கொள்முதல் எல்லாம் அவர் துறைக்குள் வந்து விழுந்தன. ஒரே ஆள் இரண்டையும் எப்படிச் சுமப்பார் என்று எதிர்க்கட்சியும் மற்றவர்களும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2021 ஜனவரியில் அவரை வணிகத் துறையிலிருந்து விடுவித்து, முழுநேர மாநாட்டுத் தலைவராக்கினார்கள். கேள்வி கேட்டதால் மட்டும் அது நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை யாரும் ஆறப்போடவில்லை.

இளங்கோ, திருச்சி: குழு விசாரணை என்றால் என்ன நடக்கும்? நம் ஊர் சட்டமன்றம் மாதிரி சத்தமா?

சத்தமே இருக்காது தம்பி. குதிரை லாடம் போல வளைந்த மேசை. வளைவைச் சுற்றிக் குழு உறுப்பினர்கள், திறந்த பக்கத்தில் அமைச்சர். அவருக்குப் பின்வரிசையில் அதிகாரிகள். கொரோனா காலத்தில் பாதிப் பேர் அவரவர் வீட்டிலிருந்து திரையில் வந்தார்கள், பின்னால் புத்தக அலமாரி தெரியும்.

கூச்சல் இல்லாததாலேயே அமைச்சருக்கு அது கஷ்டமான இடம். அவையில் என்றால் இரண்டு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். இங்கே ஒரே உறுப்பினர் ஐந்து, ஆறு துணைக் கேள்விகள் கேட்டு உள்ளே இறங்குவார். குழுத் தலைவர்களைக் கட்சித் தலைமை நியமிப்பதில்லை, 2010 முதல் எம்.பி.க்களே ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறார்கள். வணிகத் துறையைக் கண்காணிக்கும் வணிகக் குழுவுக்கு அப்போது தலைவராக இருந்தவர் எதிர்க்கட்சியான லேபரின் டாரன் ஜோன்ஸ். சுற்றுச்சூழல் தணிக்கைக் குழுவுக்கு அன்றைய ஆளும் கட்சியான கன்சர்வேடிவைச் சேர்ந்த பிலிப் டன். இப்படிப் பல குழுக்கள் சேர்ந்து வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டு காப்26ஐக் கண்காணித்தன.

வணிகக் குழு 2021 மார்ச்சில் ஒரு இடைக்கால அறிக்கை தந்தது. அரசு மாநாட்டுக்கு ஐந்து தலைப்புகள் வைத்திருந்தது: தகவமைப்பு (மாறும் காலநிலைக்கு ஏற்பத் தயாராவது), எரிசக்தி மாற்றம், இயற்கை, தூய போக்குவரத்து, நிதி. சரி, மாநாடு வெற்றி என்று எதை வைத்துச் சொல்வீர்கள் என்பதுதான் குழு அழுத்திக் கேட்டது. இப்படி ஒரு அறிக்கை வந்தால் அரசு இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும் என்பது மரபு. அந்தப் பதிலும் பொதுவில் வந்துவிடும்.

ஜெயந்தி, யாழ்ப்பாணம்: அக்கா, பிரிட்டனே நிலக்கரிச் சுரங்கம் திறக்கப் பார்த்தது எண்டு கேள்விப்பட்டன். உண்மையோ?

உண்மைதான் ஜெயந்தி. எனக்கு அதிகம் வலித்ததும் இதுதான். இங்கிலாந்தின் கம்ப்ரியா மாவட்டத்தில் வைட்ஹேவன் அருகே புதுச் சுரங்கம். உருக்கு ஆலைக்கான நிலக்கரி எடுக்க. 2020 அக்டோபரில் மாவட்டக் கவுன்சில் சம்மதித்தது. 2021 ஜனவரியில் மத்திய அரசு தலையிட மறுத்தது. உலகத்தை நிலக்கரியைக் கைவிடச் சொல்லிக்கொண்டு வீட்டில் புதுக்குழி தோண்டினால் எந்த முகத்தோடு பேசுவீர்கள் என்று எம்.பி.க்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எதிர்ப்பு பெருகி, மார்ச்சில் பொது விசாரணைக்கு உத்தரவானது.

இன்னொன்று பணம். ஏழை நாடுகளுக்கு வருடம் 10,000 கோடி டாலர் காலநிலை நிதி என்பது 2009இல் கோபன்ஹேகனில் பணக்கார நாடுகள் கொடுத்த வாக்கு. 2020க்குள் எட்டியிருக்க வேண்டும், எட்டவில்லை. அந்தக் குறையை நிரப்பச் சொல்லி மற்ற நாடுகளிடம் நடக்கவேண்டிய பிரிட்டன், அதே சமயத்தில் தன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 0.5ஆகக் குறைத்தது. காலநிலைக்கென ஒதுக்கிய ஐந்து வருடத்துக்கான 1,160 கோடி பவுண்டைத் தொடவில்லை என்பது அரசின் வாதம். வாதம் தவறில்லை. ஆனால் மொத்தப் பானை சிறுத்தால், அதே ஊரின் ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகவேண்டியதுதானே குறையும்? 2021 ஜூலை 13 அன்று வாக்கெடுப்பு: 333க்கு 298. முன்னாள் பிரதமர் தெரசா மே உட்பட ஆளும் கட்சியிலேயே 24 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். தோற்றார்கள், ஆனாலும் அந்த 24 பேர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

ரஹீம், கோவை: தடுப்பூசி, தனிமைப்படுத்தல் எல்லாம்?

சிவப்புப் பட்டியல் நாடுகளிலிருந்து, அதாவது கொரோனா ஆபத்து அதிகம் என்று பிரிட்டன் குறித்த நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு ஓட்டல் தனிமை இருந்தது. செலவு யார் தலையில் என்ற கேள்வி கடைசிவரை தொங்கியது. மாநாட்டைத் தள்ளிவைக்கச் சொல்லி செப்டம்பரில் சூழல் அமைப்புகளே கேட்ட பிறகு, கட்ட முடியாதவர்களுக்கு அரசே கட்டுவதாகச் சொன்னது.

மீனாட்சி, சென்னை: கேள்வி கேட்டும் கோட்டை விட்டது எதை?

வாசலை. முதல் நாள் காலை கிளைட் ஆற்றங்கரையில் நின்ற வரிசையை நான் மறக்கமாட்டேன். ஆறு பக்கமிருந்து ஊசிக்காற்று. சன்னமான சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண். எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கையிலிருந்த வரைபடத்தைக் கொடுப்பதைத் தவிர நான் செய்ய ஒன்றுமில்லை. உள்ளே போவதற்குள் அவர் பேச வந்த கூட்டம் முடிந்திருக்கும் என்பதுதான் மனதை அறுத்தது.

அதைவிட மோசம், நவம்பர் 1 அன்று இஸ்ரேலின் எரிசக்தி அமைச்சர் கரின் எல்ஹரார் சக்கர நாற்காலியில் வந்து உள்ளே போக முடியாமல் திரும்பினார். பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் வருத்தம் தெரிவித்தார். சக்கர நாற்காலி எந்த வாசல் வழியாகப் போகும் என்று முன்கூட்டியே ஒருவர் நடந்து பார்த்திருந்தால் போதும்.

செந்தில், மதுரை: நம் நாடாளுமன்றம் இப்படிக் கேட்கிறதா அக்கா?

கேட்கிறது செந்தில், வேறு மாதிரி. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், அமைச்சர் வாயால் பதில் சொல்லவேண்டும். நட்சத்திரம் இல்லாத 230க்கு எழுத்தில் பதில். காலநிலை குறித்த கேள்விகள் அதில் தவறாமல் வருகின்றன. அறிவியல், சுற்றுச்சூழல், வனம், காலநிலைக்கு ஒரு நிலைக்குழுவும் உண்டு. ஆனால் அது கூடுவது மூடிய கதவுக்குள். அறிக்கை மட்டும் வெளியே வரும். அமைச்சகத்திடம் என்ன கேட்டார்கள், யார் திணறினார்கள் என்று நீங்களும் நானும் பார்க்க முடியாது. அந்தக் கதவைத் திறக்கவேண்டும் என்பது என் கருத்து.

ஒரு உதாரணம். 2070க்குள் நிகர பூஜ்ஜியம், அதாவது காற்றில் விடும் வெப்ப வாயுவும் அதிலிருந்து நீக்குவதும் சமமாவது என்ற இலக்கைப் பிரதமர் மோடி அறிவித்தது கிளாஸ்கோ மேடையில். அதையொட்டித் திருத்திய உறுதிமொழிகளுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2022 ஆகஸ்டில். இவ்வளவு பெரிய முடிவின் செலவும் வழியும் முன்கூட்டியே எம்.பி.க்கள் முன் விரிவாக வந்திருக்க வேண்டாமா?

கவிதா (மறுபடி): அந்தச் சுரங்கம் கடைசியில் என்ன ஆனது?

பிரிட்டனின் தலைமைப் பொறுப்பு 2022 நவம்பரில் எகிப்திடம் போனது. அடுத்த மாதமே, டிசம்பர் 7 அன்று, அரசு சுரங்கத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டது. அதை வெளிப்படையாக எதிர்த்தவர்களில் ஒருவர் அலோக் சர்மா. அப்போது அவர் அமைச்சர் இல்லை, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சாதாரண எம்.பி. கிளாஸ்கோவில் கடைசி நேரத்தில் நிலக்கரியை "ஒழிப்பது" என்ற சொல் "குறைப்பது" ஆனபோது மேடையிலேயே கண்கலங்கிய மனிதர். வழக்கு நீதிமன்றம் போனது. 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது.