தெரியாத எண் அழைத்தால் வியர்க்கிறது

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். எழுத்துத் தேர்வுகளில் எளிதாகத் தேறிவிடுகிறேன். குழு விவாதத்தில் உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. மூன்று நிறுவனங்களின் தேர்வில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் எழுந்து வந்தேன். வகுப்பில் வருகைப் பதிவுக்குக் குரல் கொடுக்கவே வியர்க்கிறது. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுப்பதில்லை. அப்படி ஒரு நேர்காணல் அழைப்பையே தவறவிட்டேன். ‘கூச்ச சுபாவம், போகப்போகச் சரியாகிவிடும்’ என்கிறார்கள் வீட்டில். அடுத்த மாதம் நேர்காணல் ஒன்று இருக்கிறது. அதற்கு முன் போட்டுக்கொள்ளச் சொல்லி விடுதி நண்பன் புரொப்ரனோலால் மாத்திரை தந்திருக்கிறான். போடலாமா? சிறு வயதில் எனக்கு வீசிங் இருந்தது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முதலில் அந்த மாத்திரையை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புரொப்ரனோலால் படபடப்பையும் கைநடுக்கத்தையும் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அது மூச்சுக்குழாய்களைச் சுருக்கவும் கூடியது. வீசிங் இருந்தவருக்கு நேர்காணல் அறையிலேயே மூச்சுத்திணறல் வரலாம். கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் வீசிங்கைக் குறிப்பிட்டீர்களே, அதற்கு நன்றி.

இனி பயத்துக்கு வருவோம். கூச்ச சுபாவம் உள்ளவர் பத்து நிமிடம் பழகினால் தெளிந்துவிடுவார். உங்கள் நிலை அப்படியில்லை. பயம் வாழ்க்கையின் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்துகிறது. வந்த வேலை அழைப்பே கைநழுவிப் போயிருக்கிறது. சமூகப் பதற்றக் கோளாறு என்று இதற்குப் பெயர். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் 1980இலேயே இது தனி நோயாக இடம்பெற்றுவிட்டது. பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கும். தானாகச் சரியாவது குறைவு. இப்படிப்பட்ட பிள்ளைகளை வீட்டார் முதலில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ப்பார்கள். ஆங்கிலம் வளரும், பயம் வைத்த இடத்திலேயே இருக்கும். வருகைப் பதிவுக்கே வியர்க்கிறவருக்கு இலக்கணம் என்ன செய்யும்?

குழு விவாதத்தில் உங்களுக்குள் நடப்பதை நான் ஊகிக்கிறேன், சரியா என்று பாருங்கள். சொல்ல வேண்டியதை மனதுக்குள் வாக்கியமாகக் கோக்கிறீர்கள். அது சரியாக அமைவதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. கை நடுங்குவது தெரியாமலிருக்க மேஜைக்கு அடியில் கைக்குட்டையைப் பிடித்திருக்கிறீர்கள். யாருடைய கண்ணிலும் படாமல் குனிந்துகொள்கிறீர்கள். இவையெல்லாம் தற்காப்புகள். பயத்துக்குத் தீனி போடுவதும் இவைதான். தப்பித்த ஒவ்வொரு முறையும், ‘பேசியிருந்தால் மானம் போயிருக்கும்’ என்று மூளை எழுதி வைத்துக்கொள்கிறது. பேசிப் பார்த்தால்தானே அது பொய் என்று அதற்குத் தெரியும்?

எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள் என்ற எண்ணத்தை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சோதித்திருக்கிறார்கள். போடவே வெட்கப்படும்படியான பாடகர் படம் அச்சிட்ட பனியனை ஒரு மாணவருக்குப் போட்டுவிட்டு, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப் பேராவது படத்தைக் கவனித்திருப்பார்கள் என்றார்கள், பனியன் போட்டவர்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிதான். உங்கள் குரல் நடுக்கத்துக்கும் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இதற்கு முதன்மையான சிகிச்சை அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது பயம் தரும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசியும் பழகியும் மாற்றும் முறை. உளவியல் நிபுணருடன் பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகள். பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்வதுதான் அதன் உயிர்நாடி. அதை இன்றே சிறிய அளவில் தொடங்கலாம். கடையில் ஒரு பேனாவின் விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் வாருங்கள். மறுநாள் வேறு கடை. படபடப்பு சலிப்பாக மாறும்வரை இதையே செய்யுங்கள். அடுத்து, பார்சல் அலுவலகத்துக்குப் போன் செய்து எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று கேளுங்கள். என்ன பேசுவதென்று முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது, அதுவும் தற்காப்புதான். பிறகு வகுப்பில் ஒரு கேள்வி. அதன்பின் விடுதி அறையில் நான்கு நண்பர்களோடு ஒரு ஒத்திகை விவாதம், அதைச் செல்போனில் பதிவு செய்து ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். உள்ளே உணர்ந்த நடுக்கத்தில் பாதிகூடப் படத்தில் தெரியாது. என்னிடம் வந்த பலர் இதைப் பார்த்துச் சிரித்தே விட்டார்கள். விவாதம் தொடங்கிய முதல் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு வாக்கியமாவது பேசிவிடுங்கள், தப்பும் தவறுமாக இருந்தாலும் சரி. காத்திருக்கக் காத்திருக்கப் பயம் ஏறும். மனம் உங்கள் குரலைக் கண்காணிக்கத் தொடங்கினால், எதிரில் பேசுபவரின் சொற்களுக்கு அதைத் திருப்புங்கள்.

மாத்திரையும் தேவைப்படலாம். செர்ட்ரலின், எசிட்டலோபிராம் போன்றவை பயன்படும். பலன் தெரியவே பல வாரங்கள் ஆகும் என்பதால் அடுத்த மாத நேர்காணலுக்கு அவற்றை நம்ப வேண்டாம். நலமானபின் எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தூக்க மாத்திரை வகையைச் சேர்ந்த அல்பிரசோலாமை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், எளிதில் பழக்கமாகிவிடும். தைராய்டு மிகுந்தாலும் படபடப்பும் வியர்வையும் வரும், ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. நேர்காணல் நாளில் காபியைக் குறையுங்கள்.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸில், 14416 என்ற எண்ணில் இரவு பகலாக, கட்டணமின்றித் தமிழிலும் பேசுகிறார்கள். போன் என்றாலே வியர்க்கிறவருக்குப் போன் எண் தருவது வேடிக்கைதான். ஆனால் அழைத்தவர் பேசத் திணறுவது அவர்களுக்குப் பழகிய விஷயம். உங்கள் பயிற்சிப் பட்டியலில் அதையும் ஒரு படியாக வைத்துக்கொள்ளலாம். வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் மட்டும் பட்டியல், படி எதையும் பார்க்காமல் உடனே அழையுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

மருத்துவரின் முன்னால் உட்கார்ந்ததும் வார்த்தை வராதே என்று தயங்க வேண்டாம். எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தையே அவரிடம் நீட்டுங்கள். வீசிங் பற்றிய வரியை மட்டும் முதல் வரியாக மாற்றிவிடுங்கள்.