பணம் தாமதமாகும் தளத்தில் தொடர்ந்து விற்கலாமா?

கேள்வி: கையால் தைத்த துணிப்பைகளை ஓர் இணைய விற்பனைத் தளத்தின் வழியாகச் சில ஆண்டுகளாக விற்று வருகிறேன். அண்மைக் காலமாக அத்தளம் அடிக்கடி முடங்குகிறது. பட்டியலிட்ட பைகள் திடீரென மறைந்துபோகின்றன. விற்ற பணம் வந்து சேரத் தாமதமாகிறது. ஆனாலும் என் விற்பனையில் பெரும்பங்கு அங்கிருந்தே வருகிறது. சேர்த்து வைத்த நல்ல மதிப்புரைகளை இழக்கவும் மனமில்லை. தொடர்வதா, வெளியேறுவதா?

— ஒரு வாசகி

பதில்: நீங்கள் சொல்லும் குறைகள் அனைத்தும் ஒரே எடையுள்ளவை அல்ல. தளம் சில மணி நேரம் முடங்கினால் அன்றைய விற்பனை குறையும், அவ்வளவுதான். பட்டியல் மறைவதற்குத் தவறான பொருள் வகையோ, படத்தின் மீது எவரேனும் எழுப்பிய காப்புரிமைப் புகாரோ காரணமாக இருக்கக்கூடும். அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். பணம் தாமதமாவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

வாங்குபவர் செலுத்தும் தொகை பெரும்பாலும் முதலில் தளத்தின் கைக்கே போகிறது. ரிட்டர்ன் காலம் கடந்த பிறகோ, குறிப்பிட்ட நாட்கள் கழித்தோ, கமிஷன் போக மீதி உங்களுக்கு வருகிறது. அந்த இடைவெளியில் நீங்கள் அந்தத் தளத்துக்குக் கடன் கொடுத்தவர் போன்ற நிலையில் இருக்கிறீர்கள். அப்பணம் தனிக்கணக்கில் பாதுகாக்கப்படாமல் தளம் நொடித்துப்போனால், பிணை எதுவும் பெறாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நிற்க நேரலாம். ஆகவே, ஒவ்வோர் ஆர்டருக்கும் விற்ற நாள், விதிமுறைப்படி பணம் வர வேண்டிய நாள், உண்மையில் வந்த நாள் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். புதிய விதிமுறையால் எல்லா ஆர்டருக்கும் ஒரே அளவில் தாமதம் ஏற்பட்டிருந்தால் அதைக் கணக்கில் கொண்டு தொழில் நடத்தலாம். காரணம் சொல்லப்படாமல் தாமதம் நீண்டுகொண்டே போனால், அங்கு வைத்திருக்கும் ஸ்டாக்கை உடனே குறையுங்கள்.

"பெரும்பங்கு விற்பனை" என்று எழுதியிருக்கிறீர்கள்; அது பெரும்பங்கு லாபமா என்பதையும் பார்க்க வேண்டும். கமிஷன், பணம் செலுத்தும் சேவைக் கட்டணம், விளம்பரச் செலவு, கூரியர், திரும்பி வந்த பைகள் ஆகியவற்றோடு, புகார் எழுதிச் செலவான நேரத்துக்கும் ஒரு மதிப்பிட்டுக் கழித்துப் பாருங்கள். கட்டணமும் என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை: கைவினைப் பொருட்களுக்கான இணையச் சந்தையான எட்ஸி 2022 ஏப்ரலில் தன் பரிவர்த்தனைக் கட்டணத்தை 5 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்த்தியபோது, பல விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையை மூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். உயர்வு நடைமுறைக்கு வந்தது.

உடனே வெளியேற வேண்டாம், ஆனால் இப்போதுபோல் முழுவதும் அதையே நம்பியும் இருக்க வேண்டாம் என்பது என் கருத்து. போனால் தாங்கிக்கொள்ளக்கூடிய தொகை எவ்வளவு என்று முடிவு செய்யுங்கள். தளம் தர வேண்டிய பாக்கி அந்த அளவைத் தொட்டதும், கடையைத் தற்காலிகமாக மூடி வைக்கும் விடுமுறை வசதியைப் பயன்படுத்திப் புதிய ஆர்டர்களை நிறுத்தி வையுங்கள். அதே வேளையில் உங்கள் பெயரில் ஒரு சிறிய இணையதளத்தையோ வேறொரு விற்பனை வழியையோ தொடங்கிவிடுங்கள். ஜெர்மனியில் 2006இல் தொடங்கிய தாவண்டா என்னும் இணையக் கைவினைச் சந்தை 2018 ஆகஸ்ட் இறுதியில் மூடப்பட்டது. அத்தகைய அறிவிப்பு வந்த பிறகு மாற்றிடம் தேடுவது மிகுந்த சிரமம்.

மதிப்புரைகளைப் பற்றிய உங்கள் வருத்தம் நியாயமானது. வாங்கியவர்களின் நம்பிக்கை உழைத்துச் சம்பாதித்தது. எனினும் பொதுவாக அவற்றை வேறு தளத்துக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. டெலிவரிக்காகத் தரப்பட்ட முகவரிகளைக் கொண்டு வாங்கியவர்களை வெளியே அழைப்பதையும் பெரும்பாலான தளங்கள் தடை செய்கின்றன, அதைச் செய்யாதீர்கள். விதிகள் இடம் தருமானால், ஒவ்வொரு பையிலும் உங்கள் தொழிற்பெயர் கொண்ட துணி லேபிளைத் தைத்துவிடுங்கள். பை பிடித்துப்போனவர் அந்தப் பெயரைக் கொண்டு உங்களைத் தேடி வர முடியும்.

படங்கள், பொருள் விவரங்கள், ஆர்டர் அறிக்கைகள் அனைத்தையும் இப்போதே தரவிறக்கி வையுங்கள். கணக்கு முடக்கப்பட்டால் அவையும் கைவிட்டுப் போகலாம். ஒருவேளை வெளியேறுவதே சரியென்று பின்னர் முடிவு செய்தால், நிலுவை ஆர்டர்களை அனுப்பி முடித்து, ரிட்டர்ன் காலம் கடக்கும் வரை காத்திருந்து, பாக்கித் தொகை முழுவதும் வங்கிக்கு வந்த பிறகே கணக்கை மூடுங்கள்.