லேசருக்கு முன் எலும்பை அளக்கச் சொல்லுங்கள்

சிரித்தால் மேல் ஈறு 4 மி.மீ. தெரிகிறது, பல் குட்டையாக இருக்கிறது, வேளச்சேரி கிளினிக்கில் லேசரால் ஈறை வெட்டி அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்கிறார்கள், இரண்டு மாதத்தில் கல்யாணம் என்கிறீர்கள். இன்னும் முன்பணம் கட்டவில்லையே?

மேல் நடுப்பல் சாதாரணமாக 10-11 மி.மீ. நீளம் இருக்கும். உங்களுக்கும் அப்படியே இருந்தால் குறை ஈறில் இல்லை; உதடு அதிகமாகத் தூக்குகிறது, இல்லை மேல்தாடை நீளம். அதற்கு ஈறை வெட்டிப் பயனில்லை. 8 மி.மீ. தான் என்றால், பல் தேயவில்லை என்று உறுதியானபின் வெட்டுவதைப் பற்றிப் பேசலாம்.

வெட்டும் முன் எலும்பை அளக்கவேண்டும்: மரத்துப்போக ஊசி போட்டு, அளவு கோடு போட்ட புரோப் கம்பியை எலும்பு தட்டும்வரை இறக்கிப் பார்ப்பார்கள். வெட்டியபின் ஈறு விளிம்புக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. மிஞ்சவேண்டும். மிஞ்சாத இடத்தில் லேசர் மட்டும் வைத்தால் சில மாதத்தில் ஈறு பழையபடி இறங்கிவிடும். சில கிளினிக்குகள் இதைத்தான் சொல்வதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ஈறைத் திறந்து எலும்பையும் கொஞ்சம் சீவித் தையல் போடவேண்டும். விளிம்பு நிலைபெற 3 முதல் 6 மாதம். உங்களுக்கு அதுதான் என்றால் கல்யாணத்துக்குப் பிறகு செய்யுங்கள்.

பிரஷருக்கு அம்லோடிபினோ வலிப்புக்கு ஃபெனிடாயினோ சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள், அவையே ஈறை வளர்க்கக்கூடும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சென்னைக் கோட்டை ரயில் ஸ்டேஷன் எதிரில் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஈறு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. இரண்டாவது கருத்துக்கு அங்கே போங்கள்.