ஸெர்மாட்டில் கோடை மலைநடை: கேள்வி பதில்

சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட் பனிச்சறுக்குக்குப் பேர்போன ஊர். கோடையில் அதே மலைச்சரிவுகள் நடப்பவர்களுக்குத் திறந்துவிடும். சிங்கப்பூரிலிருந்து அங்கே நடக்கப் போகிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் பேட்டைப் பெயர்.

செங்காங்: அக்கா, ஜூன் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு போகிறோம். ஐந்து ஏரிப் பாதையில் நடக்கலாமா?

ஜூன் மாதக் கடைசி என்றால் பெரும்பாலும் சரி, ஆரம்பம் என்றால் சந்தேகம்தான். அந்தப் பாதை 2,571 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிளவ்ஹெர்டில் தொடங்குகிறது. அந்த உயரத்தில் ஜூன் பாதி வரைகூடப் பனி கிடக்கலாம். வெயிலில் இளகிய பனியில் பிள்ளைகளின் கால் முழங்கால் வரை இறங்கிவிடும். சில கேபிள் கார்களும் பருவ இடைவெளிப் பராமரிப்புக்காக மூடியிருக்கும், அதனால் போகும் வாரத்தின் அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் என்றால் சுன்னேகாவே போதும். ஊரிலிருந்து சுரங்கத்துக்குள் போகும் ரயில் சில நிமிடங்களில் 2,288 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். பக்கத்திலேயே லைஸே ஏரி இருக்கிறது, பிள்ளைகள் தண்ணீரில் இறங்கலாம். அப்புறம் ஃபிண்டெல்ன் குக்கிராமம் வரை இறங்கி நடங்கள். வெயில் பட்டுக் கறுத்துப்போன பழைய மரவீடுகள், அவற்றுக்கு நேர் எதிரே மேட்டர்ஹார்ன் சிகரம். அந்தக் காட்சிக்காகவே போகலாம்.

ஒன்று மட்டும்: கீழே வரும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று நிலையத்துப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்குங்கள்.

பொங்கோல்: கார் வாடகைக்கு எடுக்கலாமா?

ஸெர்மாட்டுக்குள் கார் விடமாட்டார்கள். பக்கத்து ஊரான டேஷில் நிறுத்திவிட்டு 12 நிமிட ரயில்.

ஜூரோங் வெஸ்ட்: எனக்கு வயது 58. எங்கள் 12 மாடி புளோக்கில் தினமும் படி ஏறுகிறேன், மின்தூக்கியில் இறங்குகிறேன். மேலே இருக்கும் ஷ்வார்ட்ஸே கேபிள் கார் நிலையத்திலிருந்து ஊருக்கு இறங்கி நடக்க இந்தப் பயிற்சி போதுமா?

போதாது அண்ணே. ஷ்வார்ட்ஸே 2,583 மீட்டர், ஊர் ஏறக்குறைய 1,600 மீட்டர். கிட்டத்தட்ட 980 மீட்டர் இறக்கம், அதாவது உங்கள் புளோக்கை உச்சியிலிருந்து தரைவரை முப்பது தடவைக்கு மேல் இறங்குவது போல. நீங்கள் பழக்கியிருப்பது மூச்சையும் ஏறும் தசைகளையும். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்தவேண்டும். அது தனி வேலை, பழகாத தசை மறுநாள் படியில் கால் வைக்க விடாது.

எனவே ஏறுங்கள், படியிலேயே இறங்குங்கள். முதல் வாரம் ஐந்து மாடி போதும், பிறகு மெல்லக் கூட்டுங்கள். புக்கிட் தீமா உச்சியே 164 மீட்டர்தான். அங்கே ஒரு தடவை ஏறி இறங்கியதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

யீஷூன்: இதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். படி இறங்கினால் மூட்டு தேயும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். மலையில் எப்படியும் இறங்கப் போகிறோம், இங்கேயும் ஏன் முட்டியைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

ஏற்கெனவே மூட்டு வலி உள்ளவர் மருத்துவரைக் கேட்டுத்தான் செய்யவேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நல்ல மூட்டு உள்ளவருக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தொடை களைத்தால் அடி தடுமாறும், முழு அதிர்ச்சியும் முட்டியில் போய் விழும். இறங்கிப் பழகிய தசைக்கு அடுத்த முறை வலி குறையும். இரண்டு மூன்று தடவை செய்தாலே வித்தியாசம் தெரியும். முட்டியைக் காப்பாற்றுவதே அந்தத் தசைதான்.

தெம்பனிஸ்: யீஷூன்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டு ஊன்றுகோல் இருந்தால் பயிற்சியே வேண்டாமே?

ஊன்றுகோல் அவசியம் கொண்டுபோங்கள். இறக்கத்தில் அதைக் கொஞ்சம் நீட்டிப் பிடித்தால் பாரத்தில் ஒரு பங்கு கைக்குப் போகும். மீதிப் பாரம் உங்கள் கால்களில்தான்.

யீஷூன்: அப்படியென்றால் ஏறி நடந்து, கேபிள் காரில் இறங்குகிறோம்.

நல்ல யோசனை, முட்டி வலி உள்ளவர்களுக்கு அதையே சொல்வேன். ஆனால் மெதுவாக ஏறி, மேலே படம் எடுத்துக்கொண்டிருந்து கடைசி வண்டியை விட்டுவிட்டால், மாலை இருட்டும் நேரத்தில் அந்த 980 மீட்டரும் உங்கள் காலில்தான். அதற்காகவாவது இறங்கிப் பழகுங்கள்.

பிடோக்: ஜூன் 5 போகிறோம், பனி இருக்குமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

உட்லண்ட்ஸ்: மேட்டர்ஹார்ன் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் படம் எங்கே எடுப்பது?

கோர்னர்கிராட் ரயிலில் ரோட்டன்போடன் நிலையத்தில் இறங்கினால் ரிஃபல்ஸே ஏரி சில நிமிட நடை. முதல் ரயில்களில் ஒன்றைப் பிடியுங்கள். வெயில் ஏற ஏறக் காற்று கிளம்பும், ஏரி கலைந்துவிடும். ஐந்து ஏரிப் பாதையின் ஸ்டெல்லிஸேயிலும் அப்படியே தெரியும்.

ஹவ்காங்: ஷெங்கன் விசாவுக்கு என்னென்ன ஆவணம்?

தூதரக இணையப்பக்கத்தில் பாருங்கள். அது என் துறை அல்ல.

கிளமெண்டி: அக்கா, நான் ஜிம்முக்குப் போகிறவன், வயது 24. மேட்டர்ஹார்ன் உச்சிக்கே ஏற ஆசை.

தம்பி, அது நடை அல்ல. 4,478 மீட்டர், கயிறு கட்டி ஏறும் பாறை. 1865 ஜூலை 14 அன்று முதன்முதலாக உச்சியைத் தொட்டவர்கள் ஏழு பேர். அதில் நால்வர் இறங்கும்போது விழுந்து இறந்தார்கள். பாறையேற்றம் முறையாகக் கற்று, வழிகாட்டியோடு போகவேண்டிய இடம் அது. இப்போதைக்கு 3,260 மீட்டரில் இருக்கும் ஹோர்ன்லி மலைவிடுதி வரை போய் வா. ஷ்வார்ட்ஸேயிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம், இரும்புப் படிகளும் கயிறு பிடித்து நடக்கும் இடங்களும் உண்டு. பாறையில் வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் குறி மலைப்பாதை. வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் அனுபவம் இல்லாமல் போகாதே.

அங் மோ கியோ: ஜூன் இரண்டாம் வாரம் பனி...

மறுபடியும் அதே பதில்தான்: முதல் கேள்வியைப் பாருங்கள்.

சுவா சூ காங்: மஞ்சள் பலகையில் 2 மணி 30 நிமிடம் என்று போட்டிருந்தால் நமக்கும் அவ்வளவுதானா?

அந்த நேரத்தில் ஓய்வு சேராது. சாப்பாடு, படம், பிள்ளைகள் எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் இடிமழை வரும் ஊர், அதனால் காலை எட்டுக்கே கிளம்புங்கள். கடைசி வண்டி நேரத்தைக் குறித்துவிட்டீர்களா?